கீழே இறங்கும் காற்று

அந்த வீட்டுக்குள் மூட்டைப்பூச்சி புகுந்தது மழைக்காலத்தின் தொடக்கத்தில். மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் ஒரு மரக்கட்டில், பின்னறையில் ஒரு மெத்தை, இரண்டுக்கும் நடுவே சரியாகச் சாத்தாத ஒரு கதவு. தரை மரப்பலகை. பழைய பலகைகள் சுருங்கிப்போய் இடையிடையே வாய் பிளந்திருந்தன. கீழ்வீட்டில் விளக்குப் போட்டால் மாடித் தரையில் கோடு கோடாக வெளிச்சம் தெரியும். "நீங்க மேல தலை வாரினா எங்க தட்டுல முடி விழுது" என்று கீழ்வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே குறை சொல்வாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை.

மாடியில் குடியிருந்தவள் பள்ளியில் வேதியியல் நடத்துபவள். தெருவில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். கணவன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பான். ஆறு வயதில் ஒரு மகள், சிட்டு என்று கூப்பிடுவார்கள். கூடவே கணவனின் தம்பி. தானியக் கிடங்கில் வேலை. சோறு வேகும் முன்னே தட்டோடு உட்காருகிறவன், பஸ் நிற்கும் முன்னே குதித்து முட்டியைப் பேர்த்துக்கொள்கிறவன். அதனால் வீட்டில் அவன் பெயரே 'அவசரம்' என்று ஆகிவிட்டது. பெயர் வைத்தது அண்ணிதான். அவனும் அதைப் பட்டம் வாங்கியது போலச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான்.

ஒரு நாள் சிட்டுவுக்குக் காய்ச்சல். அவசரத்துக்கு விடுமுறை. "நீங்க போங்க அண்ணி, குட்டியை நான் பாத்துக்கறேன்" என்றான். டீச்சர் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அலுமினியக் குப்பியை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தான்.

"இன்னைக்கு மூட்டைப்பூச்சி வம்சத்துக்கே முடிவு கட்டப்போறேன். கிடங்குல தானியத்துக்கு நடுவுல இந்த மாத்திரையைத்தான் வெப்பாங்க. வண்டு, புழு, எலி எதுவும் மிஞ்சாது."

"மருந்து கிருந்து எதுவும் இப்ப வேண்டாம் தம்பி. குழந்தை படுத்திருக்கா. நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"சரி அண்ணி."

அவள் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஈரத்தில் ஊறிக் காகிதம் பாதி கிழிந்திருந்தது. மிச்சமிருந்த மூலையில் மூன்று எழுத்துகள் தெரிந்தன. ஏதோ கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் என்று நினைத்துத் திரும்ப வைத்துவிட்டாள். முதல் மணி அடிக்கும் முன் பள்ளிக்குப் போகவேண்டும். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

மதியத்துக்கு முந்தின வகுப்பு ஒன்பதாம் வகுப்பு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இணைதிறன் பாடம். ஒவ்வொரு தனிமத்துக்கும் எத்தனை கை என்று தெரிந்தால் போதும், யார் யாரோடு எப்படிச் சேருவார்கள் என்று நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லி, பலகையில் ஜோடி ஜோடியாக எழுதிப் போட்டிருந்தாள். சோடியம் குளோரின், மெக்னீசியம் ஆக்சிஜன், அலுமினியம் ஆக்சிஜன். இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக வரும்படி ஒன்று இருக்கட்டுமே என்று கடைசியில் அலுமினியத்தையும் பாஸ்பரஸையும் சேர்த்து எழுதினாள். புத்தகத்தில் இல்லாத ஜோடி அது.

அதைப் போட வந்தவள் வகுப்பிலேயே பெரிய வாயாடி. சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.

"அலுமினியத்துக்கு மூணு கை. பாஸ்பரஸுக்கும் மூணு கை. பொருத்தம் பாத்தாச்சு மிஸ், பத்துக்குப் பத்து. மூணையும் மூணையும் குறுக்கே மாத்திப் போட்டா அடிபட்டுப் போகும். அடியில ஒரு எண்ணும் வேண்டாம்."

வகுப்பு சிரித்தது. அவள் பெரிய எழுத்தில் A, ஒரு குச்சி போல l, அப்புறம் P என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

டீச்சரும் சிரித்தபடிதான் பலகையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் குச்சியைக் காலையில் பார்த்திருக்கிறாள். ஈரக் காகிதத்தின் மூலையில், குப்பியின் மேல்.

"மிஸ், இது எதுக்குப் பயன்படும்?" என்று வாயாடி கேட்டாள்.

டீச்சர் பலகைக்குத் திரும்பினாள். அவள் கையே அவளைக் கேட்காமல் எழுதத் தொடங்கியது. ஈரம் பட்டால் என்ன ஆகும்? தண்ணீரை H என்றும் OH என்றும் பிரித்தாள். அலுமினியம் தன் மூன்று கையாலும் மூன்று OH-ஐப் பிடித்துக்கொள்ளும். அது வெறும் வெள்ளைப் பொடி, பயமில்லை. அப்போது பாஸ்பரஸ் தனியாக நிற்கும், மூன்று கையும் வெறுங்கையாக. பக்கத்தில் இருப்பது ஹைட்ரஜன். அதற்கு ஒரே கை. அப்படியானால் மூன்று ஹைட்ரஜன் வேண்டும். PH₃ என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் அதன் பெயர் அவளுக்குள் வந்து விழுந்தது. பாஸ்பீன். கல்லூரியில் அதைப் பற்றிப் படித்த பக்கத்தில் மண்டையோடு போட்டிருந்தது.

வாளித் தண்ணீர் தேவையில்லை. மழைக்காலக் காற்றின் ஈரமே போதும்.

"புத்தகத்தை எடுத்துப் படிங்க" என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா என்று அவளுக்குப் பின்னாலும் நினைவில்லை. சாக்பீஸோடு வராந்தாவுக்கு ஓடி போனை எடுத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சும்மா இருப்பான், நான் சொன்னதற்குச் சரி என்றானே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஆனால் சோறு வேகும் வரை பொறுக்காதவன் சாயங்காலம் வரையா பொறுப்பான்?

மறுபடி போட்டாள். எடுத்தான்.

"அண்ணி..." குரல் இழுத்தது. பக்கத்தில் மழை இரைச்சல், நடுநடுவே கரகரப்பு. "உங்களுக்குத்தான் போட நினைச்சேன். முன்னறையில கட்டிலுக்கு அடியில வெச்சேன். குட்டியைப் பின்னறையில விட்டு நடுக்கதவையும் சாத்திட்டேன். ஆனா ஒரே நாத்தம். பூண்டு அழுகின மாதிரி. குட்டி ரெண்டு தரம் வாந்தி எடுத்துட்டா. எனக்கும் நெஞ்சை அடைக்குது. இதைக் கழுவி விட்டுரட்டுமா?"

"தண்ணி ஊத்தாதே!" என்று அலறினாள். "தம்பி, தண்ணி மட்டும் ஊத்தாதே! குட்டியைத் தூக்கிட்டு வெளிய ஓடு!"

"என்ன அண்ணி? விட்டு விட்டுக் கேக்குது..."

அவ்வளவுதான். இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டும் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

வராந்தாவில் எதிரே வந்தவள் விளையாட்டு மிஸ். வாட்டசாட்டமானவள், வாயில் எப்போதும் விசில். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் விசிலைத் துப்பினாள்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"என் பொண்ணு. வீட்ல விஷக்காற்று. ஸ்கூட்டர் இருக்கா?"

விளையாட்டு மிஸ் வேறு எதுவும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

மழையில் வண்டி பறந்தது. பின்னால் உட்கார்ந்தபடியே டீச்சர் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினாள்.

"கேஸ் சிலிண்டர் கசிவாம்மா?"

"சிலிண்டர் இல்லை சார். பாஸ்பீன். தானியத்துக்கு வைக்கிற மாத்திரை. ஆம்புலன்ஸும் அனுப்புங்க. உள்ள குழந்தை இருக்கு."

"பாஸ்... என்னம்மா?"

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பற்கள் கிட்டிக்கொண்டதால் சொல் உடைந்து உடைந்து வந்தது. கடைசியில் தெருவின் பெயரை மட்டும் நான்கு தடவை கத்தினாள்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, அவளுக்கென்றே வந்ததுபோல, ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் பெட்டி. டீச்சர் வண்டியிலிருந்து இறங்கிக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிட்டு தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். மூக்கடைப்பு என்றால் இன்னும் பெரிதாகத் திறந்துகொள்வாள். அந்தத் திறந்த வாய்தான் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது.

"மூச்சு விடு" என்றாள் விளையாட்டு மிஸ் பின்னாலிருந்து. "நீ மூச்சே விடலை."

கேட் முழுக்க மேலேறும் முன்னே வண்டி கீழே நுழைந்து கடந்தது.

வீட்டு வாசலில் எந்தக் கூட்டமும் இல்லை. மழைக்கு எல்லார் கதவும் சாத்தியிருந்தது. அந்த அமைதிதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வெளிப்படிக்கட்டில் ஏறும்போதே நாற்றம் வந்தது, பூண்டும் அழுகிய மீனும் கலந்த மாதிரி. மேல்படியில் சிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், போர்வை சுற்றியபடி. முகம் சாம்பல் பூத்திருந்தது, உதடு நீலம். அம்மாவைப் பார்த்ததும் அழக்கூடத் தெம்பில்லை.

"சித்தப்பா என்னை இங்க உக்கார வெச்சுட்டு உள்ள போனாங்க" என்றாள் மெல்ல. "வரவே இல்லை."

டீச்சர் மகளை வாரி எடுத்துக் கீழே ஓடி, தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் இறக்கினாள். அங்கே நின்றிருந்த கடைக்காரரின் கையைப் பிடித்து, "இவளைப் படுக்க விடாதீங்க, காத்தாட வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். மகளை விட்டுத் திரும்புவதற்குள் உயிரில் பாதி போய்விட்டது. ஆனால் உள்ளே இருப்பவனும் பிள்ளைதான். அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது அவன் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

விளையாட்டு மிஸ் கதவருகே நின்று துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அது தடுக்காது. மூச்சை அடக்கிட்டுப் போகணும். உள்ள மூச்சே இழுக்கக்கூடாது. முடியலைன்னா உடனே வெளிய வந்துரு."

"இருட்டா இருக்கே, லைட்டைப் போடட்டா?"

"சுவிட்சைத் தொடாதே! பத்திக்கும்."

இருவரும் நெஞ்சு நிறைய வெளிக்காற்றை வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். முன்னறை வாசலில் அவன் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்திருந்தது. பலகை முழுக்கத் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் சாம்பல் நிறப் பொடி நுரைத்துக்கொண்டிருந்தது. கோபமும் அழுகையும் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. அழுதால் மூச்சு இழுக்க வேண்டி வரும். அழவில்லை. ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். ஈரத் தரையில் அவன் உடல் வழுக்கிக்கொண்டு வந்தது. வாசல்படியில் தலை இடித்தது. விளையாட்டு மிஸ் அவனை மூட்டையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

கடைத் தாழ்வாரத்தில் படுக்க வைத்தபோது அவனுக்கு மூச்சு இருந்தது, இழுத்து இழுத்து. சிட்டு கடைக்காரர் மடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மண்டியிட்டு இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். இனி ஆம்புலன்ஸ் வரவேண்டியதுதான். அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். கதவும் ஜன்னலும் திறந்து கிடந்தன. காற்று எங்கே போகும்? மேலேயா, கீழேயா? பாஸ்பரஸின் அணுநிறை முப்பத்தொன்று, மூன்று ஹைட்ரஜனுக்கு மூன்று. முப்பத்து நான்கு. சாதாரணக் காற்று இருபத்தொன்பது. இது கனம் அதிகம். இது கீழே இறங்கும். பலகை இடுக்கு வழியாக, அவன் ஊற்றிய தண்ணீரோடு சேர்ந்து.

கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கைக்குழந்தையை எப்போதும் தரையில் பாய் விரித்துத்தான் போட்டிருப்பாள்.

"ஐயோ" என்று எழுந்தாள். கீழ்வீட்டுக்கு ஓடினாள். கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தமில்லை. "கதவைத் திற! குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வா!" ஒரு அசைவும் இல்லை. விளையாட்டு மிஸ் வந்து தோளால் மோதினாள். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது.

கீழ்வீட்டுக்காரி சுவரைப் பிடித்தபடி தள்ளாடி வந்தாள். கையில் ஈரத்துணி.

"தலை சுத்துது டீச்சர். மேலேருந்து ஒரே ஒழுகல், துடைச்சுக்கிட்டே இருக்கேன்..."

"பாப்பா எங்க?"

அவள் கையைக் காட்டினாள். சொட்டுகள் விழும் இடத்திலிருந்து தள்ளித்தான் பாயை இழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் தரையில். டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு போய்த் தூக்கினாள். குழந்தையின் கழுத்து துணி போலத் தொங்கியது. தெருவுக்கு வந்து மழையில் நின்றாள். முகத்தில் மழை விழுந்தது. குழந்தை அசையவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள். கீழ்வீட்டுக்காரியை விளையாட்டு மிஸ் இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினாள். அவள் குழந்தையின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் "ஏய், ஏய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தை முகத்தைச் சுளித்தது. ஒரு முறை இருமியது. பிறகு அழுதது, பலவீனமாக, பூனைக்குட்டி மாதிரி.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டது.

மருத்துவமனையில் பணியில் இருந்த டாக்டர் இளம்பெண். டீச்சர் அந்த விஷத்தின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "வாயில போகலையே? மூச்சுலதானே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

"மாற்று மருந்து எதுவும் இல்லையா டாக்டர்?"

"இல்லைங்க. ஆக்சிஜன் குடுத்து, இதயம் என்ன பண்ணுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். சின்னவங்க ரெண்டு பேரும் தேறிடுவாங்கன்னு நினைக்கறேன். அவரைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது."

சிட்டுவும் கைக்குழந்தையும் மறுநாள் பால் குடித்தார்கள். அவசரத்தின் இதயம் நின்று நின்று ஓடியது. ஒரு முறை கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நர்சுகள் ஓடினார்கள்; டீச்சர் எழுந்து நின்றவள் உட்கார மறந்துபோனாள். கணவன் லாரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதையால்ல இருக்கு. வரட்டும் வெளிய, இவன் தோலை உரிக்கறேன்" என்றான். சொல்லிவிட்டு வராந்தா மூலைக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நான்காம் நாள் அவன் வாயில் விட்டிருந்த சுவாசக் குழாயை எடுத்தார்கள். டீச்சரை மட்டும் உள்ளே விட்டார்கள். அவன் பாதியாகிக் கிடந்தான்.

"குட்டி?" என்றான்.

"நல்லா இருக்கா. பேசாதே."

"மன்னிச்சிருங்க அண்ணி. வெக்காதேன்னு சொன்னீங்க, வெச்சுட்டேன். ஆனா அப்புறம் நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். குட்டியை வெளிய உக்கார வெச்சுட்டுத் தண்ணி ஊத்தினேன்."

"நான் சொன்னபடியா?"

"போன்ல கத்தினீங்களே, 'தண்ணி ஊத்து'ன்னு. ரெண்டு தரம் சொன்னீங்க. எனக்கு உள்ள போகவே முடியலை, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போயிட்டேன்."

'ஊத்தாதே' என்று அவள் கத்தியதில் கரகரப்பு கடைசிப் பாதியை விழுங்கிவிட்டது. ஊத்து என்பதும் ஊத்தாதே என்பதும் அந்தப் பாதிவரை ஒரே சொல்தான். முதலில் 'வெளிய ஓடு' என்று கத்தியிருந்தால் அவன் குட்டியோடு படியிலேயே உட்கார்ந்திருப்பான். அப்படி இல்லை தம்பி என்று திருத்த வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அண்ணி பேச்சைக் கேட்டோம் என்ற ஒரே ஆறுதல்தான் அவனிடம் மிச்சம் இருந்தது.

"தூங்கு" என்றாள்.

அதைக் கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன், "வெளிய வான்னு முதல்ல சொல்லியிருந்தாலும் லைன் அதைத்தான் தின்னிருக்கும். உன் மேல போட்டுக்காதே" என்றான். அவள் தலையாட்டினாள். ஆனால் அதன்பின் பல மாதங்கள், போனில் எதைச் சொன்னாலும் கேட்பவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

தீயணைப்புக்காரர்கள் குப்பியையும் பொடியையும் எடுத்துப்போய், வீட்டைத் திறந்தே போட்டு வைத்து, பிறகு குடியிருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவசரத்தை இன்னும் சில நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள்; மற்ற மூவரும் ஒரு முற்பகலில் வீடு திரும்பினார்கள். வெயில் அடித்தது. கணவன் பைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் உள்ளே போனான். சிட்டு அவன் பின்னால் ஓடினாள். டீச்சர் மேல்படியிலேயே நின்றுவிட்டாள். மூக்கு காற்றைத் துழாவியது. ஈரப் பலகை வாசனை, வேறு ஒன்றுமில்லை. ஆனாலும் கால் வாசலைத் தாண்ட மறுத்தது. தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரி ஏறி வந்தாள். ஒரு கையில் துணிக்கூடை, இன்னொரு கையில் குழந்தை. நலம் விசாரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை. குழந்தையை டீச்சரின் தோளில் சாய்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் வெச்சிருங்க. துணி காயப் போட்டுட்டு வந்துடறேன்" என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

குழந்தை கனமாக இருந்தது. அவள் கழுத்தில் முகத்தை அழுத்தி, நனைந்த வாயால் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. டீச்சர் வெகுநேரம் அசையாமல் நின்றாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டே உள்ளே போய், ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள்.